மீதிச் சில்லறை கேட்காத பையன்

மொபசல் பஸ்ஸில் 50 ரூபாய் நோட்டை நீட்டி 13 ரூபாய் டிக்கெட் வாங்குகிறான் ஒரு பிளஸ் ஒன் பையன். கண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்னால் 37 என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விடுகிறார். இறங்கும் இடம் வருகிறது. "அண்ணே, மீதி" என்று இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லை நாலு ஸ்டாப்பாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவன், கடைசியில் டிக்கெட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிடுகிறான். வீட்டில் கேட்டால் "தொலைஞ்சுபோச்சு" என்பான். காசைத் தொலைத்ததற்குத் திட்டு வாங்குவது, கேட்க வாய் வரவில்லை என்று சொல்வதைவிட அவனுக்குச் சுலபம்.

இப்படி ஒரு பிள்ளை அநேகமாக எல்லாத் தெருவிலும் உண்டு. நாம் அதைக் 'கூச்ச சுபாவம்' என்போம். மேடை ஏறத் தயங்கினால் 'சபைக்கூச்சம்'. பெண் பிள்ளையாக இருந்துவிட்டால் இந்தப் பெயர்கூடக் கிடையாது, 'அடக்கமான பொண்ணு' என்ற பாராட்டுதான். வகுப்பில் 60 பேர் இருக்கும்போது வாயைத் திறக்காத பிள்ளையால் ஆசிரியருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கத்துகிறவன், அடிக்கிறவன், வகுப்பைக் கட் அடிக்கிறவன் ஆகியோரின் பெற்றோரைத்தான் பள்ளிக்கு வரச் சொல்வார்கள். அமைதியாக இருப்பவனின் அப்பா அம்மாவுக்கு அப்படி ஓர் அழைப்பு வருவதே இல்லை. சமூகப் பதற்றம் என்ற இந்த நோய் நம் கண்ணில் படாமல் இத்தனை காலம் ஒளிந்திருப்பது, நாம் நல்ல பிள்ளைக்கு வைத்திருக்கும் இலக்கணத்துக்குள்தான்.

கூச்சம் நோயல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கூச்சமுள்ள பிள்ளை விருந்தாளி வந்ததும் பத்து நிமிஷம் கதவுக்குப் பின்னால் நிற்கும். பிறகு மெல்ல வந்து ஒட்டிக்கொள்ளும். பழகப் பழக அது கரைந்துவிடும். சமூகப் பதற்றம் பழகினாலும் கரையாது. 1966-இல் பிரிட்டனில் ஐசக் மார்க்ஸ், மைக்கேல் கெல்டர் என்ற இரு மனநல மருத்துவர்கள் மற்ற அச்சங்களிலிருந்து இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. இன்று மருத்துவர்கள் கேட்பவை சில எளிய கேள்விகள். மற்றவர்கள் தன்னை எடைபோடுவார்கள், தான் அசடு வழிந்துவிடுவோம் என்ற பயம் ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்கிறதா? அதனால் படிப்போ நட்போ வீட்டு வாழ்க்கையோ கெடுகிறதா? பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் பார்ப்பார்கள்: பெரியவர்கள் முன்னால் மட்டும் இல்லாமல், தன் வயசுப் பிள்ளைகளிடமும் இந்தப் பயம் இருக்கிறதா? தலைமை ஆசிரியரைக் கண்டால் நடுங்குவது நம் பள்ளிகளில் இயல்பான தற்காப்பு. அதை நோய்க் கணக்கில் சேர்க்க முடியாது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? அமெரிக்காவில் 13 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடந்த தேசிய ஆய்வில் 9.1 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கோளாறு இருந்திருக்கிறது. பெண்களில் 11.2, ஆண்களில் 7. இந்தியாவின் 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. 2020-இல் வந்த இன்னோர் ஆய்வு பிரேசில், சீனா, இந்தோனேசியா, ரஷ்யா, தாய்லாந்து, அமெரிக்கா, வியட்நாம் ஆகிய ஏழு நாடுகளில் 16 முதல் 29 வயதுவரை உள்ள 6,825 பேரைக் கேட்டு, 36 சதவீதம் பேர் சமூகப் பதற்றத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டியிருப்பதாகச் சொன்னது. அந்த 36-ஐ நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன். கேள்வித்தாளில் டிக் அடிப்பது வேறு, மருத்துவர் எதிரில் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வருவது வேறு. அதே ஆய்வில் என்னை உறுத்தியது வேறோர் எண். தங்களுக்கு அப்படி எதுவுமே இல்லை என்று நம்பியபடியே 18 சதவீதம் பேர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். நம் பஸ் பையனும் அப்படித்தான். 'நான் கொஞ்சம் ரிசர்வ்டு டைப்' என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

மேடை, மைக், பேச்சுப்போட்டி என்று மட்டும் தேடினால் இது சிக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, குனிந்து, அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பாருங்கள். மற்றவர் பார்க்கச் சாப்பிடுவது அவளுக்கு ஒரு பரீட்சை. நாலு பேர் நிற்கும் சிறுநீர்க் கழிப்பிடத்தில் எவ்வளவு முட்டினாலும் வராமல், வீடுவரை அடக்கிக்கொண்டு வரும் பையன் இருக்கிறான். 'மிஸ், பாத்ரூம்' என்று கையைத் தூக்கப் பயந்து, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. பாடத்தில் சந்தேகம் கேட்கமாட்டான். வருகைப் பதிவில் தன் நம்பர் வர ஐந்து நம்பர் இருக்கும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். 'பிரசென்ட் சார்' என்பது சத்தமாக வந்துவிடுமோ, வராமலே போய்விடுமோ? ரெக்கார்டு நோட்டில் முழு மதிப்பெண் வாங்குபவன் வைவாவில் வாயடைத்து நிற்பான். போன் மணி அடித்தால் எடுக்கமாட்டான்; நின்ற பிறகு 'என்ன?' என்று மெசேஜ் அனுப்புவான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் இந்த விஷயத்திலேயே சுவாரசியமான பகுதி. 1995-இல் டேவிட் கிளார்க், ஆட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். இன்றைக்கும் பல சிகிச்சைகள் அதன்மேல்தான் நிற்கின்றன. நாலு பேர் இருக்கும் இடத்துக்குள் நுழைந்ததும் சாதாரணமாக நம் கவனம் வெளியே போகும்: யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள், எங்கே உட்காரலாம். சமூகப் பதற்றம் உள்ளவருக்கு அந்தக் கவனம் அப்படியே உள்பக்கம் திரும்பிக்கொள்கிறது. இதயம் துடிக்கிறதா, முகம் சிவந்துவிட்டதா, குரல் நடுங்குகிறதா என்று தன்னையே வேவு பார்க்கத் தொடங்குகிறார். உள்ளே உணர்வது எல்லாம் வெளியே அப்படியே தெரிகிறது என்று முடிவுகட்டிவிடுகிறார். கை லேசாக நடுங்கினால், முழு வகுப்பும் பார்க்கும்படி ஆடுவதாக மனசுக்குள் ஒரு படம் ஓடும். எதிரே இருப்பவர் உண்மையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. அங்கே பார்த்தால்தானே தெரியும்!

அடுத்ததாக, அந்தப் பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சில வழிகளைக் கண்டுபிடிக்கும். பேசப்போவதை வார்த்தை வார்த்தையாக ஒத்திகை பார்ப்பது, நடுங்கும் கையைப் பாக்கெட்டுக்குள் விடுவது, பாட்டு ஓடாத இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வது, ஒன்றுமே வராத போனை நோண்டிக்கொண்டிருப்பது, கொரோனா போய் வருஷக்கணக்கான பிறகும் மாஸ்க்கைக் கழற்றாமல் இருப்பது. இவை பார்க்க எளிய தந்திரங்கள். ஆனால் நோயை உயிரோடு வைத்திருப்பதே இவைதான். ஒத்திகையிலேயே மனசு இருப்பதால் எதிராளி சொன்னது காதில் விழாது, பதில் தப்பிப்போகும். போனையே பார்த்துக்கொண்டிருப்பவனிடம் யாரும் வந்து பேசமாட்டார்கள். 'என்னை யாருக்கும் பிடிக்கவில்லை' என்பதற்கு அவனுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். ஒருவேளை எல்லாம் நல்லபடி முடிந்தாலும் அந்தப் பெருமை அவனுக்குப் போகாது, பாக்கெட்டுக்குள் விட்ட கைக்குத்தான் போகும். 'கை வெளியே இருந்திருந்தால் மானம் போயிருக்கும், நல்லவேளை.' ஆக, நல்ல அனுபவங்கள் எத்தனை வந்தாலும் பயம் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பிறகு ராத்திரி. படுத்ததும் பகலில் நடந்தது ரீல்போல ஓடும். 'ஏன் அப்படிச் சிரிச்சேன்? அவ ஏன் திரும்பிப் பாத்தா?' மூன்று வருஷத்துக்கு முன்னால் தமிழ் வகுப்பில் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்ததுகூட அந்த ரீலில் உண்டு. மற்ற யாருக்கும் அது ஞாபகம் இருக்காது.

யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நான் ஆறுதலுக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர் நடத்திய சோதனை 2000-இல் வெளியானது. மாணவர்களிடையே மவுசு இல்லாத ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். எத்தனை பேர் உன் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டால், ஏறக்குறையப் பாதிப்பேர் என்று சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிதான். இதில் பங்கெடுத்தவர்கள் பதற்ற நோய் இல்லாத சாதாரண மாணவர்கள். நம் எல்லோருக்குமே தலைக்குமேல் ஒரு விளக்கு எரிவதாக நினைப்பு. பதின்வயதில் அது இன்னும் பிரகாசமாக எரியும். 1967-இல் டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். அந்த வயதில் மற்றவர் மனசில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் திறமை வளர்கிறது. ஆனால் அவர்கள் யோசிப்பது தன்னைப் பற்றி மட்டும்தான் என்று தோன்றிவிடுகிறது. பருவம், முகப்பரு, உடையும் குரல், புதிதாக முளைத்த மீசை எல்லாம் சேர்ந்துகொள்ளும் காலமும் அதுவே. இந்தக் கோளாறு பெரும்பாலும் 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையே தொடங்குவதில் வியப்பில்லை.

பிறவியின் பங்கும் இருக்கிறது. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நாலு மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளையும் ஓசைகளையும் காட்டிப் பார்த்தார். சுமார் ஐந்தில் ஒரு குழந்தை கைகாலை உதைத்து அழுதது. அந்தக் குழந்தைகளில் கணிசமானவர்கள் வளர்ந்தபோது புது மனிதர்களிடம் ஒதுங்குகிறவர்களாக இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அது நோயாகவில்லை. கூச்சம் கருவிலேயே வரலாம். அது எதுவாக மாறும் என்பதில் சுற்றியிருப்பவர்களுக்கும் கை இருக்கிறது.

நம் வீடுகளில் அந்தக் கை என்ன செய்கிறது? கல்யாண வீட்டில் சித்தப்பா கேட்பார்: "என்னடா, எவ்வளவு மார்க்?" அத்தை சொல்வாள்: "என்னடி இப்படிக் கறுத்துட்ட?" பிறகு "எங்க, ஒரு பாட்டுப் பாடு பாப்போம்." பிள்ளை நெளிந்தால் "இந்தக் காலத்துல போய் இப்படி இருக்கியே" என்று ஒரு சிரிப்பு. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாசத்தைக் காட்டும் முறையே அதுதான். ஆனால் 'நாலு பேர் பார்த்து எடைபோடுகிறார்கள்' என்று பயப்படும் பிள்ளைக்கு, அந்த நாலு பேர் நிஜமாகவே வரிசைகட்டி உட்கார்ந்து எடைபோடும் இடம் நம் கல்யாண மண்டபம். 'நாலு பேர் என்ன சொல்லுவாங்க' என்ற வாக்கியத்தை ஒரு தமிழ்ப் பிள்ளை எத்தனை முறை கேட்டு வளர்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம்.

பயம் எல்லாமே கற்பனை என்றும் சொல்லிவிடக் கூடாது. பத்தாவது, பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு பொறியியல் கல்லூரிக்குள் நுழையும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே 'செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன்'. தட்டுத் தடுமாறி ஆரம்பித்ததும் பின்பெஞ்சில் ஒரு களுக். அடுத்த நாலு வருஷத்துக்கு அவள் வாய் திறப்பதில்லை. இது நோயா? ஹாஸ்டல் அறையில் தோழிகளோடு தமிழில் கலகலவென்று பேசிச் சிரிக்கிறாள் என்றால் நோயல்ல. அங்கே சிகிச்சை தேவைப்படுவது அந்த வகுப்பறைக்கு. சாதியாலும் நிறத்தாலும் திக்குவாயாலும் உடம்பின் பருமனாலும் கேலிக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை ஒதுங்கி நிற்பது, நிலைமையைச் சரியாகப் படித்ததன் விளைவு. அதைப் போய் 'உன் எண்ணத்தை மாத்திக்கோ' என்று சொல்வது அநியாயம். முதலில் கேலியை நிறுத்த வேண்டும். ஆனால் கேலி நின்று வருஷங்கள் ஆன பின்னும், புது இடத்தில் புது மனிதர்களிடமும், தமிழிலும்கூட அதே நடுக்கம் தொடர்ந்தால், காயம் ஆறாமல் நோயாகிவிட்டது என்று பொருள்.

போனைப் பற்றி எல்லோரும் நிறையவே எழுதிவிட்டார்கள். போனால்தான் இது வந்தது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை; போன் வருவதற்கு முன்பும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் தப்பிப்பதற்கு இத்தனை வசதியான கதவு முன்பு இருந்ததில்லை. 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை 2021 நவம்பரில்தான் திறந்தன. கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்த அந்த ஒன்றரை வருஷத்தில், எல்லாப் பிள்ளைகளும் தவித்தபோது சில பிள்ளைகள் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பள்ளி திறந்ததும் வயிற்றுவலி வந்தது அவர்களுக்குத்தான்.

அந்த வயிற்றுவலி நடிப்பல்ல. பதற்றம் குடலைத் தாக்கும். ஞாயிறு இரவு தொடங்கி, திங்கள் காலை உச்சத்துக்குப் போய், 'சரி, இன்னைக்கு லீவு போட்டுக்கோ' என்றதும் பத்து மணிக்கெல்லாம் அடங்கிவிடும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. லீவு போட்ட அன்று கிடைக்கும் அந்த நிம்மதியே மறுநாள் போவதை இன்னும் கடினமாக்கும். இப்படியே வாரங்கள், மாதங்கள். பள்ளியை நிறுத்தும் நிலைக்கு வந்த பிறகுதான் பலர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். அதற்குள் நண்பர்கள் விலகியிருப்பார்கள். அமைதியைத் திமிர் என்று நினைத்துக்கொண்டு விலகுபவர்களும் உண்டு. தனிமை மனச்சோர்வைக் கூட்டிக்கொண்டு வரும். பெரும்பாலும் பதற்றம் முன்னால் வந்து, சில வருஷம் கழித்துத்தான் மனச்சோர்வு வருகிறது. இடையில் இருக்கும் அந்தச் சில வருஷங்கள்தான் நாம் தவறவிடும் வாய்ப்பு. கல்லூரி வயதில் 'ரெண்டு ரவுண்டு போட்டா ஃப்ரீயா பேச வருது' என்று கண்டுபிடிப்பவர்களுக்குக் குடி ஒரு மருந்தாகிவிடுகிறது. அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. யார் கண்ணிலும் படாத இழப்பு ஒன்றும் இருக்கிறது: பேச வேண்டியிருக்குமே என்று விட்டுவிட்ட படிப்பு, குரூப் டிஸ்கஷனுக்குப் பயந்து போகாத வேலை.

வீட்டார் பொதுவாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். அப்பா, "ஸ்டேஜ்ல ஏத்திவிட்டா தானா சரியாயிடும்" என்று ஆண்டுவிழாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருவார். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளும் வைத்தியம் இது. சிலர் நீந்திவிடுவார்கள். பலர் அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கமே வரமாட்டார்கள். அம்மா அதற்கு நேர்மாறு. ஹோட்டலில் பிள்ளைக்கும் சேர்த்து அவளே ஆர்டர் சொல்வாள், மருத்துவர் "பேர் என்னப்பா?" என்றால் அவளே பதில் சொல்வாள், பள்ளிக்குப் போன் போட்டு, "இவனை எழுப்பிக் கேள்வி கேக்காதீங்க சார்" என்பாள். இது அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் முந்திக்கொள்ளும்போது, 'இது உன்னால் முடியாத காரியம்' என்ற செய்தி சத்தமில்லாமல் போய்ச் சேருகிறது.

பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருப்பது இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி சிபிடி என்பார்கள். எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறது. மாத்திரையை வழக்கமான சிகிச்சையாகத் தரக் கூடாது என்கிறது. பிள்ளையும் சிகிச்சையாளரும் சேர்ந்து பயங்களைப் படிக்கட்டாக அடுக்குவார்கள். கீழ்ப்படியில் கடையில் "அண்ணே, மணி என்ன?" என்று கேட்பது இருக்கலாம். நடுவில் எங்கோ கண்டக்டரிடம் மீதி கேட்பது. மேல்படியில் வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்பது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் ஒரு தாளில், 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று எழுதச் சொல்வார்கள். 'கண்டக்டர் கத்துவார், பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்க்கும்.' போய்விட்டு வந்தபின், 'என்ன நடந்தது?' 'தலையைக்கூடத் தூக்காமல் 37 ரூபாயைக் கொடுத்தார்.' அறிவுரை நூறு சொன்னாலும் நகராத பயம் இந்த இரண்டு வரிக்கு நடுவில் உள்ள இடைவெளியில்தான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது.

தந்திரங்களை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது முக்கியம். இயர்போன் இல்லாமல், கையைப் பாக்கெட்டில் விடாமல். கிளார்க்கின் முறையில் இன்னொன்றும் உண்டு: பிள்ளை பேசுவதை வீடியோ எடுத்து அதனிடமே போட்டுக் காட்டுவது. தான் நடுங்குவதாக நினைத்த குரல் கேட்கச் சாதாரணமாக இருப்பதைக் கண்டு திகைத்துப்போவார்கள். ஆனால் வீட்டில் அப்பா செல்போனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று: 'நாளைக்கு இரண்டாம் பாராவை நீ வாசி' என்று முதல் நாளே சொல்லிவைப்பது. திடீரென்று எழுப்புவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பேச்சுச் சிகிச்சை போதாதபோது மருத்துவர்கள் மாத்திரை தருவார்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் இந்த மருந்துகள் சில இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. ஆகவே முதல் சில வாரங்கள் மருத்துவரின் கண்பார்வையில் இருக்க வேண்டும். இன்டர்வியூவுக்கு முன்னால் நடுக்கம் குறைய என்று மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போடும் வேலை வேண்டாம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும் வேறு வகை மாத்திரை; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இயங்கும் டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போனை எடுக்கவே பயப்படும் பிள்ளை அந்த எண்ணைத் தானாக அழைக்குமா? முதல் அழைப்பைப் பெரியவர்கள் செய்யலாம். மருத்துவமனைக்குப் போனால், முதல் நாள் அது மருத்துவரிடமும் பேசாது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொல்ல நினைப்பதை முதல் நாள் இரவே ஒரு நோட்டிலோ போனிலோ எழுதிக்கொண்டு வந்து, எதிரே இருப்பவரிடம் நீட்டினால் போதும். அதைப் படித்துவிட்டு மருத்துவர் "கொஞ்சம் வெளியே இருங்க" என்றால், அம்மா எழுந்து போக வேண்டியிருக்கும்.